‘கேஸ் நம்பர் இருக்கா?’: கைது, வழக்கு விவரங்கள் யாருக்குக் கிடைக்கின்றன, யாருக்குக் கிடைப்பதில்லை?

இரவு பதினொன்றரை மணி. வேளச்சேரியில் ஒரு வீட்டுக்கு போன் வருகிறது. “அக்கா, உங்க பையனை டீக்கடை வாசல்ல இருந்து போலீஸ் ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்க.” எந்த ஸ்டேஷன்? தெரியாது. என்ன விஷயம்? தெரியாது. பையனுடைய போன் ஸ்விட்ச் ஆஃப். அம்மா ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகிறார். “அப்படி யாரும் இங்க இல்லம்மா. வேற ஸ்டேஷன்ல கேட்டுப் பாருங்க.”

இது நான் கற்பனை செய்த காட்சிதான். ஆனால் சென்னையில் யாரிடம் சொன்னாலும் “ஆமா, எங்க தெருவுலயும் இப்படி நடந்துச்சு” என்பார்கள்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தேடலும் இதே ஊரில் தினமும் நடக்கிறது. செய்தித்துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு உறவினர்களிடமிருந்து அடிக்கடி வரும் கோரிக்கை அது. “மாப்பிள்ளை மேல ஏதாவது கேஸ் இருக்கான்னு ஆன்லைன்ல பார்த்துச் சொல்லேன்ப்பா. நீதான் பேப்பர்ல வேலை பாக்குறியே!” வாடகைக்கு வீடு கொடுப்பவர், புதிதாக ஆள் எடுக்கும் ஹெச்.ஆர்., பார்ட்னர்ஷிப் போடப் போகிறவர் என்று எல்லோருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது.

முதல் தேடலுக்கு இன்று இரவே பதில் வேண்டும், கிடைப்பதில்லை. இரண்டாவது தேடலுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. அது பாதிப் பதில்தான், ஆனால் முழுப் பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நம் கைது, வழக்குப் பதிவுகளின் உண்மையான பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். முதல் நாள் வேகமாகத் திறக்க வேண்டிய கதவு மூடியிருக்கிறது. கடைசி நாள் சொல்ல வேண்டிய முடிவோ யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம். எங்கே தேடலாம், எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கைது: சட்டம் சொல்லும் பலகை எங்கே?

கைதானவர் எங்கே இருக்கிறார் என்று குடும்பத்துக்குச் சொல்வது போலீஸ் செய்யும் உதவி கிடையாது. அது அவர்களுடைய கடமை. 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைது நடவடிக்கைக்கான விதிமுறைகளை வகுத்தது. கைது குறிப்பு எழுத வேண்டும், சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும், 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து அங்குள்ள அறிவிப்புப் பலகையில் போட வேண்டும் என்று அது சொன்னது. பிறகு இவற்றில் பெரும்பாலானவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே வந்தன.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 37-வது பிரிவின்படி, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஏ.எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத ஒரு அதிகாரியை நியமிக்க வேண்டும். கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றச்சாட்டு என்ற விவரங்களை வைத்திருப்பது அவர் பொறுப்பு. அந்த விவரங்கள் காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி காட்டப்பட வேண்டும். ‘டிஜிட்டல் முறை உட்பட’ என்றும் சட்டமே சொல்கிறது.

இப்போது உங்கள் ஏரியா ஸ்டேஷன் வாசலை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதிகாரிகளின் பெயர்ப் பலகை இருக்கும். காவலன் ஆப் பற்றிய போஸ்டர் இருக்கும். சைபர் க்ரைம் எச்சரிக்கை இருக்கும். இன்றைக்குக் கைதானவர்கள் பட்டியல்? ஸ்டேஷன் வாசலைக் கடந்து போகிற எத்தனை பேர் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறோம்?

அந்த அம்மாவுக்கு உண்மையில் தேவைப்படுவது மூன்று தகவல்கள். எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு, எந்த மாஜிஸ்திரேட் முன்னால் எப்போது ஆஜர்படுத்துவார்கள். கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு கொடுத்திருக்கும் பாதுகாப்பு. அதனால் முதல் 24 மணி நேரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். வக்கீல் வைப்பது, மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது, உடம்பில் காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வைப்பது எல்லாமே அந்த நேரத்துக்குள்தான். அடுத்த நாள் மாலை கிடைக்கும் தகவலால் இதில் எதற்கும் உபயோகம் இல்லை.

இப்படி ஒரு நிலைமை உங்கள் வீட்டுக்கு வந்தால்: ஸ்டேஷனில் “இங்க இல்ல” என்று சொன்னால், சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கமிஷனர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். கைது பற்றி உறவினருக்கு மட்டுமல்ல, மாவட்ட அளவில் நியமிக்கப்பட்ட அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 48-வது பிரிவு. ‘அந்த அதிகாரி யார்?’ என்று பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேட்டாலே பேச்சு கொஞ்சம் மாறும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

எஃப்.ஐ.ஆர்.: இணையத்தில் இருக்கிறது, ஆனால்...

அடுத்த கட்டம், முதல் தகவல் அறிக்கை. இதில் நம் நாடு உண்மையாகவே ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. 2016 செப்டம்பரில் இளம் வழக்கறிஞர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. எஃப்.ஐ.ஆர். பதிவாகி 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும்; இணைய வசதி சரியில்லாத இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள், பயங்கரவாதம் தொடர்பானவை போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. அப்படி ஏற்ற வேண்டாம் என்ற முடிவை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் எடுக்க வேண்டும்.

இதே தீர்ப்பில் பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ விண்ணப்பித்தால், ஸ்டேஷனில் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். நகல் தர வேண்டும். நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ‘சென்சிட்டிவ் கேஸ்’ என்று சொல்லி நகல் தர மறுத்தால் எஸ்.பி.யிடம் அல்லது கமிஷனரிடம் முறையிடலாம். அவர் மூன்று நாட்களுக்குள் மூன்று அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்து முடிவு சொல்ல வேண்டும். புகார் கொடுத்தவருக்கோ நகல் இலவசம்; அது சட்டத்திலேயே இருக்கிறது.

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி உண்டு. மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எஃப்.ஐ.ஆர். எண் ஆகியவை தெரிந்தால் வேலை சுலபம். அங்கேதான் சிக்கலும். அந்த அம்மாவுக்கு ஸ்டேஷனே தெரியாது; எண் எப்படித் தெரியும்?

போதாததற்கு ‘சென்னை’ என்று நாம் சொல்லும் ஊர் போலீஸுக்கு ஒரே ஊர் இல்லை. சென்னைப் பெருநகர், தாம்பரம், ஆவடி என்று மூன்று காவல் ஆணையரகங்கள். கடைசி இரண்டும் 2022 தொடக்கத்தில் செயல்பாட்டுக்கு வந்தவை. தாம்பரத்தில் குடியிருப்பவர் “நான் சென்னைதான்” என்பார். ஆனால் தளத்தில் சென்னை என்று தேர்ந்தெடுத்தால் அவருடைய ஸ்டேஷன் பட்டியலில் வராது. அவர் சரியாகத்தான் தேடினார். நகரத்தை நாம் சொல்வது ஒரு விதம், துறை பிரித்து வைத்திருப்பது வேறு விதம்.

பூட்ட வேண்டியது பூட்டப்படாத போது

கதவு திறக்காதது ஒரு பக்கம் என்றால், திறக்கவே கூடாத கதவு திறந்து கிடந்ததும் இதே ஊரில்தான்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். தைரியமாகப் புகார் கொடுத்தார். இணையத்தில் பூட்டியிருக்க வேண்டிய அந்த எஃப்.ஐ.ஆர்., அவருடைய அடையாள விவரங்களோடு வெளியே வந்து போனுக்குப் போன் பறந்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் அது தானாகப் பூட்டப்படவில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தர அரசுக்கு உத்தரவிட்டது.

கோளாறு நடந்தது எங்கோ ஒரு சர்வரில். ஆனால் அந்த பி.டி.எஃப்.ஐ வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டது மனிதர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். “நான் சும்மா ஃபார்வர்டுதான் பண்ணேன்” என்பது சட்டத்தின் முன் ஒரு பதிலே இல்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு “எஃப்.ஐ.ஆர். எதையுமே இணையத்தில் போட வேண்டாம்” என்று ஒரு குரல் எழுந்தால் அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அது சரியான பாடம் இல்லை. எஃப்.ஐ.ஆர். வெளியே தெரிவதால்தான் புகாரைப் பதிவு செய்யாமல் இழுத்தடிப்பது, பின்தேதி போடுவது, பிரிவுகளை மாற்றுவது எல்லாம் கொஞ்சமாவது கட்டுப்படுகிறது. யாருடைய விவரத்தைக் காக்க வேண்டுமோ அதைக் காப்பதும், யாருக்குத் தகவல் தேவையோ அவருக்குத் தருவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நிர்வாகத்தின் வேலை.

நீதிமன்றம்: எல்லாம் இருக்கிறது, பெயரைத் தவிர

வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு நிலைமை எவ்வளவோ மேல். இ-கோர்ட்ஸ் தளமும் அதன் ஆப்பும் உண்மையிலேயே பாராட்ட வேண்டிய வேலை. லாகின் தேவையில்லை, கட்டணம் இல்லை. மாவட்ட நீதிமன்ற வழக்குகளின் அடுத்த விசாரணைத் தேதி, இதுவரையிலான வாய்தாக்கள், உத்தரவுகள் ஆகியவற்றைப் போனிலேயே பார்க்கலாம். உயர் நீதிமன்ற வழக்குகளுக்கும் தேடல் உண்டு.

இங்கே சாவி, சி.என்.ஆர். எண். எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கங்கள் கொண்டது. முதல் பகுதி மாநிலம், மாவட்டம், நீதிமன்றம் ஆகியவற்றைக் குறிக்கும். கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டு. இந்த எண் இருந்தால் பத்து விநாடி வேலை. அது இல்லையென்றால் வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், வக்கீல் பெயர், கட்சிக்காரர் பெயர் ஆகியவற்றாலும் தேடலாம்.

‘பெயரால் தேடலாம்’ என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள். அங்கேதான் தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல் ஆரம்பிக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ‘எஸ்.கார்த்திக்’ என்ற பெயரில் இந்த நகரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அதிலும் அந்த எஸ். என்பது சுப்பிரமணியனா, செல்வமா, சண்முகமா? பதிவு ஆங்கிலத்தில் என்றால் கார்த்திக்கை நான்கு விதமாக எழுதலாம். ஒரு எழுத்து மாறினால் ஆளே காணாமல் போய்விடுவார். ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும். எந்த நீதிமன்ற வளாகம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். எழும்பூரா, சைதாப்பேட்டையா, ஜார்ஜ் டவுனா? தாம்பரம் என்றால் அது செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றங்களின் கீழ் வரும்.

இதனால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. வழக்கு இருக்கிற ஆள் கண்ணில் படாமல் தப்பிக்கலாம். வழக்கே இல்லாத ஆள் பெயர்ப் பொருத்தத்தால் மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவதுதான் கொடுமை. வேலைக்கு விண்ணப்பித்த பையனிடம் யாரும் “இந்த கார்த்திக் நீங்கதானா?” என்று கேட்பதில்லை. “உங்க ப்ரொஃபைல் இப்போதைக்கு செட் ஆகலை” என்று ஒரு மெயில் வரும், அவ்வளவுதான். பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. தந்தை பெயர், வயது, முகவரி மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்காத வரை அது யாரோ ஒருவருடைய வழக்கு மட்டுமே.

வழக்கின் உள்ளே இருக்கும் ஆவணங்கள் விஷயம் வேறு. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல, அதை இணையத்தில் ஏற்றச் சொல்ல முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்ற ஆவணங்களின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதற்குப் பதிலாக அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்பது 2020 மார்ச் தீர்ப்பு. வழக்கில் சம்பந்தப்படாதவர் என்றால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் இந்தக் கஷ்டம் கூடாது. போலீஸ் அறிக்கையும் வாக்குமூலங்களும் அவருக்கு இலவசமாக, அவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தரப்பட வேண்டும் என்கிறது புதிய சட்டம். புகார் கொடுத்தவருக்கும் ஒரு உரிமை உண்டு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீஸே அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

விடுதலையான பிறகும் முடியாத வழக்கு

இப்போது அந்தக் கடைசி நாளுக்கு வருவோம்.

ஒருவர் மீது எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது. ஆறேழு வருடம் வழக்கு நடக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. ஆனால் போலீஸ் தளத்தில் இருக்கும் எஃப்.ஐ.ஆர். பக்கத்தில் அந்த விடுதலை பற்றி ஒரு வரிகூடச் சேர்வதில்லை. கைது செய்தியை வெளியிட்ட ஊடகங்களும் (எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) விடுதலையைச் செய்தியாக்குவது அபூர்வம். ஆரம்பம் ஒரு தளத்தில், முடிவு இன்னொரு தளத்தில், வேறொரு எண்ணில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

இது நீதிமன்றத்துக்கே போன பிரச்சினை. கடுமையான ஒரு குற்றச்சாட்டிலிருந்து மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்ட ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி, அவருடைய வேதனை புரிந்தாலும் அப்படிச் செய்ய இப்போது சட்டத்தில் இடமில்லை என்ற முடிவுக்கு வந்தார். 2024 பிப்ரவரியில் டிவிஷன் பெஞ்ச், பெயரை மறைக்க உத்தரவிட்டது. தீர்ப்புகளை இலவசமாகத் தரும் இந்தியன் கானூன் தளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜூலையில் அந்த உத்தரவுக்குத் தடை விதிக்கப்பட்டது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் இதில் கஷ்டமே. தீர்ப்பு என்பது பொதுச் சொத்து. இன்று ஒரு பெயரை அழிக்கலாம் என்றால், நாளை பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதே சமயம் நீதிமன்றமே ‘நீ குற்றவாளி இல்லை’ என்று சொன்ன மனிதரைத் தேடுபொறி வாழ்நாள் முழுக்கக் குற்றவாளியாகவே காட்டிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. சட்டத்துக்கு முரணாக நடந்துகொண்ட சிறார்கள் விஷயத்தில் இதை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம். அவர்களின் அடையாளத்தை வெளியிட சிறார் நீதிச் சட்டம் தடை விதிக்கிறது.

என் நிலைப்பாடு இது. தீர்ப்பு இருக்கட்டும், சட்டம் படிப்பவர்கள் படிக்கட்டும். ஆனால் விடுவிக்கப்பட்டவரின் பெயரை கூகுளில் தட்டினால் முதல் வரியில் வந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆவணத்தை அழிப்பது வேறு, பெயரைத் தேடலில் இருந்து விலக்குவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழி இருக்கிறது.

‘எல்லாவற்றையும் திறந்து போடுங்கள், வெளிப்படைத்தன்மைதானே’ என்பவர்களுக்கு அமெரிக்கா ஒரு எச்சரிக்கை. அங்கே பல ஊர்களில் கைதானவர்களின் போட்டோவே இணையத்தில் கிடைக்கும். அதைத் திரட்டி வெளியிட்டு, நீக்குவதற்குக் காசு கேட்கும் தனியார் தளங்கள் முளைத்தன. ஜார்ஜியா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அதைத் தடுக்கத் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. பி.என்.எஸ்.எஸ். சொல்லும் ‘டிஜிட்டல் பலகை’ அந்தத் திசையில் போய்விடக் கூடாது. ஸ்டேஷன் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியதை மறுநாள் அழித்துவிடுவார்கள். டிஜிட்டல் பலகைக்கும் அந்த டஸ்டர் வேண்டும்.

யாருடைய வழக்கு நமக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்?

ஒரு வகையினரின் வழக்கு விவரம் மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் திறந்திருக்க வேண்டும்: நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருபவர்கள். வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் நிலுவையில் உள்ள வழக்குகளையும் தண்டனைகளையும் வேட்பாளர் எழுத வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்று கட்சி தன் இணையதளத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்றும் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பக்கத்து வீட்டுப் பையனின் பழைய எஃப்.ஐ.ஆரை மூன்று மணி நேரம் தேடும் நாம், நம் தொகுதி வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை மூன்று நிமிடம் திறந்து பார்த்திருக்கிறோமா? அதிகாரம் கேட்பவரைப் பற்றித் தெரிந்துகொள்வது நம் உரிமை. வாடகைக்கு வீடு கேட்பவர் விஷயத்தில் அந்த ஆர்வத்துக்கு ஒரு எல்லை வேண்டும். அங்கே சந்தேகம் இருந்தால் காவல்துறையின் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. கட்டணம் கட்டி முறைப்படி விண்ணப்பிக்கலாம்.

மூன்று விஷயங்கள் போதும்

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. புதிய சட்டமும் வேண்டாம். இருக்கிறதைச் செய்தாலே பாதி முடிந்தது.

ஒன்று, கைது விவரம். மூன்று ஆணையரகங்களுக்கும் சேர்த்து ஒரே எண். உறவினர் போன் செய்து பெயர், வயது, தந்தை பெயர் சொன்னால், எந்த ஸ்டேஷன், எந்த நீதிமன்றம் என்று பதில் வர வேண்டும். பலகையில் இருப்பது சில நாட்களில் தானாக நீங்க வேண்டும்.

இரண்டு, எஃப்.ஐ.ஆர். பக்கமும் வழக்கின் முடிவும் ஒன்றோடொன்று இணைய வேண்டும். காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் கணினி வசதி இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்து இ-கோர்ட்ஸில் வழக்கைத் தேட முடிகிறது. அப்படியென்றால் ‘விடுதலை’ என்ற ஒரு சொல்லை அதே வழியில் திருப்பி அனுப்ப முடியாதா என்ன?

மூன்று, உணர்வுபூர்வமான வழக்குகளில் பூட்டுதான் முதலில் விழ வேண்டும். மென்பொருள் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று நம்பி விட்டுவிடாமல், வெளியிடும் முன் ஒரு அதிகாரி பார்த்து உறுதி செய்ய வேண்டும். சட்டப் பிரிவின் எண் மாறியதால் ஒரு பெண்ணின் முகவரி ஊருக்கே தெரிந்தது என்ற நிலை இன்னொரு முறை வரக் கூடாது.

நம் பங்குக்கும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த முறை யாராவது ஒரு எஃப்.ஐ.ஆர். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் ஃபார்வர்டு செய்வதற்கு முன் அது என்ன என்பதை நினைவில் வையுங்கள். எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் சொன்ன புகாரின் முதல் பதிவு. தீர்ப்பு இல்லை, சாட்சியம்கூட இல்லை. இ-கோர்ட்ஸில் ‘வழக்கு முடிந்தது’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்தாதீர்கள். எப்படி முடிந்தது என்று சொல்லும் வரியையும் பாருங்கள். தண்டனையா, விடுதலையா என்பது அங்கேதான் இருக்கிறது.

வேளச்சேரி அம்மாவிடம் திரும்புவோம். மணி ஒன்றாகிவிட்டது. மூன்றாவது ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் அவருடைய பையனின் பெயர் ஒருவேளை ஏறியிருக்கலாம். ஐந்து வருடம் கழித்து அவன் வேலைக்குப் போகும்போது ஒரு ஹெச்.ஆர். அந்தப் பெயரைக் கண்டுபிடித்துவிடவும் கூடும். அதே பெயரை இந்த இரவில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆளிடம் டேபிளுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கும் கேள்வி: “கேஸ் நம்பர் இருக்காம்மா?”

அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கக் கூடாது. அந்த எண்ணை அவருக்குச் சொல்ல வேண்டியவரே கேட்பவர்தான்.